மின்சாரம் திரும்பிய முதல் நிமிடம்

சிவகாசிப் பக்கம் மாதத்துக்கு ஒரு நாள் பகல் முழுக்க மின்சாரம் இருக்காது. துணை மின்நிலையத்தில் பராமரிப்புப் பணி என்று முந்தின நாளே செய்தித்தாளில் வந்துவிடும். பாறைப்பட்டி, நாரணாபுரம், திருத்தங்கல் என்று ஊர்ப் பெயர்கள் வரிசையாக வரும் அந்தச் சின்னச் செய்தியை அச்சகக்காரர்கள் தவறவிடுவதில்லை. எந்த வேலையை முந்தின இரவே முடிப்பது, எதற்கு ஜெனரேட்டர் ஓட்டுவது என்பதெல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகும். சொல்லிவிட்டு வரும் மின்தடை இது. ஐப்பசி மழையில் இடியோடு வரும் மின்தடைக்கு அறிவிப்பு ஏது? 2012-ல் சென்னைக்கு வெளியே தொழில் நடத்தியவர்களுக்கு, நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் தவித்த மாதங்கள் மறந்திருக்காது.

மின்சாரம் போவதற்கு எல்லோரும் ஏற்பாடு வைத்திருக்கிறோம். அது திரும்பி வருவதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. விளக்கு எரிந்தால் சரி, மெஷின் ஓடினால் சரி. ஆனால் அலுவலக மூலையில் கணினிக் கேபிள்கள் எல்லாம் போய்ச் சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச் என்ற பெட்டிக்கு, மின்சாரம் திரும்பும் நேரம் மிக முக்கியமானது. அதுவரை கற்றுவைத்ததில் எது மிஞ்சும், எது போகும் என்பது அப்போதுதான் தெரியும். அந்நியர் யாரும் நம் நெட்வொர்க்கில் கேபிளைச் செருகிவிடக் கூடாது என்று போட்டுவைத்த பாதுகாப்பும் அந்தக் கணக்கில்தான் வருகிறது.

ஸ்விட்ச் என்ன செய்கிறது என்பதை ஒரு நடுத்தர அச்சகத்தை வைத்துப் பார்க்கலாம். டிசைன் கணினிகள் ஏழெட்டு இருக்கும். பிளேட் எடுக்கும் சிடிபி இயந்திரத்துக்கு ஒரு கணினி, பில்லிங்குக்கு ஒன்று, வருகைப்பதிவுக்குக் கைரேகைக் கருவி, பிரிண்டர், சுற்றுச்சுவரில் கண்காணிப்பு கேமராக்கள். இவற்றின் கேபிள் ஒவ்வொன்றும் ஸ்விட்சின் ஒரு துளையில், அதாவது ஒரு போர்ட்டில் செருகப்பட்டிருக்கும். டிசைன் கணினியிலிருந்து ஒரு காலண்டர் பக்கம் சிடிபிக்குப் போக வேண்டும் என்றால், ஸ்விட்ச் அதை வாங்கி சிடிபி இருக்கும் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். மற்ற போர்ட்களுக்கு அது போகாது. எது எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. வருவதைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்கிறது.

கற்றுக்கொள்ள உதவுவது மேக் முகவரி. நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் தயாரிக்கும்போதே 48 பிட் நீளத்தில் ஓர் எண் கொடுத்துவிடுகிறார்கள். 0 முதல் 9 வரையிலான இலக்கங்களும், ஏ முதல் எஃப் வரையிலான ஆறு ஆங்கில எழுத்துகளும் கலந்து 12 இடங்களில் அது எழுதப்படும். முதல் பாதி தயாரிப்பாளரைச் சொல்லும். 00-00-0சி என்று தொடங்கினால் அது சிஸ்கோ நிறுவனத்தின் கருவி. யாருக்கு எந்த முற்பாதி என்பதை ஐஇஇஇ என்ற பன்னாட்டுப் பொறியாளர் அமைப்பு பங்கிட்டுக் கொடுக்கிறது. கருவி அனுப்பும் ஒவ்வொரு தகவல் துண்டிலும் அனுப்புநர் முகவரியாக இந்த எண் இருக்கும். ஸ்விட்ச் அதைப் படித்து, இந்த எண் 7-ஆம் போர்ட்டில், அந்த எண் 12-ஆம் போர்ட்டில் என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். ஒரு முகவரியிலிருந்து 300 விநாடிகள் எதுவும் வரவில்லை என்றால் சிஸ்கோ ஸ்விட்ச் அந்தக் குறிப்பை அழித்துவிடும்.

இந்தப் பெட்டியின் வரலாற்றின் தொடக்கத்திலேயே ஓர் இந்தியப் பெயர் இருக்கிறது. 1990-ல் ஏழு போர்ட்கள் கொண்ட ஈதர்நெட் ஸ்விட்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது கலிஃபோர்னியாவில் இருந்த கல்பனா என்ற நிறுவனம். அதை நிறுவியவர்களில் ஒருவர் வினோத் பரத்வாஜ். மனைவியின் பெயரையே நிறுவனத்துக்கு வைத்தார். 1994-ல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது.

தானே கற்றுக்கொள்ளும் இந்தக் குணம்தான் ஸ்விட்சின் பலம். அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. எவர் வந்து கேபிளைச் செருகினாலும் அவருடைய முகவரியையும் ஒரு கேள்வி கேட்காமல் குறித்துக்கொள்ளும். அட்டவணைக்கு அளவு வேறு உண்டு. பல அலுவலகங்களில் உள்ள சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 2960 வகை ஸ்விட்சில் சுமார் 8,000 முகவரிகளுக்குத்தான் இடம். 1999-ல் மேகாஃப் என்ற சிறு நிரல் ஒன்று வந்தது. நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொய் முகவரிகளை அதனால் கொட்ட முடியும். அட்டவணை நிரம்பிவிட்டால் ஸ்விட்சுக்குப் புதிய முகவரிகளைக் குறிக்க இடம் இருக்காது. யாருக்குப் போக வேண்டும் என்று தெரியாத தகவலை எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பத் தொடங்கும். மூலையில் லேப்டாப் வைத்திருப்பவர் அடுத்தவர் தகவலைப் படித்துவிடலாம்.

இவ்வளவு தொழில்நுட்பம்கூடத் தேவையில்லை. 2018 ஏப்ரலில் அமெரிக்காவில் நாசாவின் ஜேபிஎல் ஆய்வுக்கூடத்தில் ஓர் ஊடுருவல் கண்டுபிடிக்கப்பட்டது. அனுமதியில்லாமல் நெட்வொர்க்கில் இணைக்கப்பட்டிருந்த ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி அதற்கு வழிவிட்டிருந்தது. 23 கோப்புகள், சுமார் 500 மெகாபைட் தகவல் திருடு போனது. சுமார் பத்து மாதம் யாருக்கும் தெரியாமல் இது நடந்திருக்கிறது என்று நாசாவின் தணிக்கை அலுவலகம் 2019 ஜூனில் அறிக்கை வெளியிட்டது. செவ்வாய்க்கு ஊர்தி அனுப்பும் இடத்திலேயே இப்படி என்றால் மற்ற இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதே 2018-ல் கிழக்கு ஐரோப்பாவில் குறைந்தது எட்டு வங்கிகளில் ஒரே விதமான திருட்டு நடந்ததை காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. திருடர்கள் வங்கிக் கட்டடத்துக்குள்ளேயே வந்து, லேப்டாப்பையோ சிறு கருவியையோ நெட்வொர்க்கில் செருகி வைத்துவிட்டு வெளியேறியிருந்தார்கள். கோடிக்கணக்கான டாலர் இழப்பு.

அச்சகத்தில் திருட என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஆடி 18-ஐ நினைவூட்ட வேண்டும். அன்றுதான் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டு ஆர்டர் எடுக்கத் தொடங்குவது சிவகாசி வழக்கம். அதுவரை அந்த டிசைன்கள் வெளியே போகக் கூடாது. பெரிய நிறுவனங்களின் அட்டைப்பெட்டி, லேபிள் டிசைன்களும் அதே கணினிகளில்தான் இருக்கின்றன.

இதற்குத்தான் போர்ட் செக்யூரிட்டி என்ற ஏற்பாடு. அதைப் புரிந்துகொள்ள இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு கைவசம் இருக்கிறது. பட்டாசு ஆலையில் ஒவ்வோர் அறையின் சுவரிலும் அங்கே எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்று பெயின்டில் எழுதியிருக்கும். போர்ட் செக்யூரிட்டி ஒவ்வொரு போர்ட்டுக்கும் அப்படி ஒரு வரம்பு போடுகிறது. இந்தப் போர்ட்டில் எத்தனை முகவரிகள் வரலாம், எந்தெந்த முகவரிகள் வரலாம் என்று. எண்ணிக்கை சொல்லாமல் விட்டால் சிஸ்கோ ஸ்விட்ச் ஒன்று என்றே எடுத்துக்கொள்ளும். மீறினால் மூன்று விதமாக நடந்துகொள்ளச் சொல்லலாம். அந்நியத் தகவலை ஓசையில்லாமல் கீழே போடுவது ஒன்று. கீழே போட்டுவிட்டு, எத்தனை முறை மீறல் நடந்தது என்று எண்ணி, லாக் என்ற நிகழ்வுப் பதிவிலும் எழுதிவைப்பது இரண்டாவது. போர்ட்டையே மூடிவிடுவது மூன்றாவது. எதுவும் சொல்லாவிட்டால் மூன்றாவதுதான் நடக்கும்.

பட்டாசு ஆலைச் சுவரில் எழுதிய வரம்பு நாளைக்கும் இருக்கும். ஃபோர்மேன் மனதில் மட்டும் வைத்திருக்கும் வரம்பு அவர் விடுப்பில் போனால் அவரோடு போய்விடும். ஸ்விட்சுக்குள் இந்த இரண்டு வகையும் இருக்கின்றன. மின்சாரம் இருக்கும்வரை மட்டும் நிற்கும் நினைவகம் ஒன்று. மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம் இன்னொன்று. இப்போது எந்தக் கட்டளைகளின்படி ஸ்விட்ச் நடந்துகொண்டிருக்கிறதோ அது ரன்னிங் கான்ஃபிக்; அது முதல் நினைவகத்தில் இருக்கிறது. அடுத்த முறை எழும்போது எதைப் படித்துக்கொண்டு எழ வேண்டுமோ அது ஸ்டார்ட்டப் கான்ஃபிக், அது இரண்டாவதில். இன்ஜினியர் கன்சோலில் உட்கார்ந்து அடிக்கும் கட்டளை அத்தனையும் உடனே வேலை செய்யும், ஆனால் முதல் நினைவகத்தில் மட்டும்தான் போய்ச் சேரும். காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக் என்ற கட்டளையையோ, பழையவர்கள் சுருக்கமாக அடிக்கும் ரைட் மெமரி என்பதையோ கொடுத்தால்தான் அது நிலையான இடத்துக்கு நகல் ஆகும்.

போர்ட் செக்யூரிட்டியில் முகவரியைப் பதிய மூன்று வழிகள் உண்டு. ரீஸ்டார்ட் என்று வரும்போது மூன்றும் மூன்று விதம்.

முதல் வழி, முகவரியை நாமே கையால் அடித்துக் கொடுப்பது. ஸ்டாட்டிக் என்பார்கள். சேமித்திருந்தால் எத்தனை ரீஸ்டார்ட்டுக்கும் அசையாது. 40 போர்ட்களுக்கு 12 இட எண்களைப் பிழையில்லாமல் அடிப்பது சலிப்பான வேலை என்பதால் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

இரண்டாவது வழி டைனமிக். முதலில் பேசும் கருவியின் முகவரியை ஸ்விட்ச் தானே எடுத்துக்கொள்ளும். இது கட்டளைப் பட்டியலில் ஏறுவதே இல்லை, அட்டவணையில் மட்டும் இருக்கும். ரீஸ்டார்ட் ஆனால் போய்விடும். அதற்கு ரீஸ்டார்ட்கூட வேண்டாம், கேபிளைப் பிடுங்கினாலே போதும். போர்ட்டில் இணைப்பு அறுந்ததும் அந்த முகவரியை ஸ்விட்ச் விட்டுவிடும். அடுத்துச் செருகப்படுவது எதுவானாலும் அதை ஏற்றுக்கொள்ளும். ஒரே நேரத்தில் பல கருவிகள் நுழைவதையும், மேகாஃப் போல அட்டவணையை நிரப்புவதையும் இந்த வழி தடுக்கும். ஒரு கருவியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைப்பதைத் தடுக்காது. இந்த வேறுபாடு தெரியாமலே பலர் டைனமிக்கைப் போட்டுவிட்டுப் பாதுகாப்பு இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறார்கள்.

மூன்றாவது ஸ்டிக்கி. நடைமுறையில் அதிகம் பயன்படுவது இதுதான், சிக்கல் அதிகம் வருவதும் இதில்தான். கருவி பேசியதும் ஸ்விட்ச் தானே முகவரியைக் கற்றுக்கொள்ளும். கற்றதை ரன்னிங் கான்ஃபிக்கில் ஒரு கட்டளையாகவும் எழுதிக்கொள்ளும். கேபிளைப் பிடுங்கினாலும் மறக்காது. நாம் கையால் அடித்தது போலவே இருக்கும். பெயரும் ஒட்டிக்கொள்வது என்று இருப்பதால் இனி போகாது என்று மனம் நம்பிவிடுகிறது. ஆனால் எழுதப்பட்டிருப்பது ரன்னிங் கான்ஃபிக்கில். சேமிக்காவிட்டால் மின்சாரத்தோடு அதுவும் போகும்.

இதில் ஒரு நுட்பமான பொறி இருக்கிறது. இன்ஜினியர் வருகிறார். எல்லாப் போர்ட்டிலும் ஸ்டிக்கியைப் போடுகிறார். பொறுப்பாகச் சேமிக்கவும் செய்கிறார். அப்போது மணி காலை எட்டரை, டிசைன் பிரிவில் ஒரு கணினியும் இன்னும் போடப்படவில்லை. அவர் போன பிறகு ஒவ்வொருவராக வந்து கணினியைப் போடுகிறார்கள், முகவரிகள் ஒட்டிக்கொள்கின்றன. எல்லாம் ரன்னிங் கான்ஃபிக்கில். ஸ்டார்ட்டப் கான்ஃபிக்கில் இருப்பது ஸ்டிக்கியாகக் கற்றுக்கொள் என்ற கட்டளை மட்டும். எந்த முகவரி என்பது அதில் இல்லை. மின்சாரம் போய் வந்ததும் ஸ்விட்ச் கட்டளையை அப்படியே நிறைவேற்றும். முதலில் யார் பேசினாலும் அவரை ஒட்டவைத்துக்கொள்ளும்.

இப்போது சுற்றுச்சுவர் கேமராவுக்கு வருவோம். அலுவலகத்துக்கு ஆயிரம் பூட்டுப் போட்டாலும், கேமராவின் கேபிள் கட்டடத்துக்கு வெளியே கையெட்டும் உயரத்தில் தொங்குகிறது. அதன் மறுமுனை நேராக உள்ளே ஸ்விட்சில் இருக்கிறது. சாதாரண நாளில் யாராவது கேமராவைக் கழற்றிவிட்டு லேப்டாப்பைச் செருகினால், புது முகவரியைப் பார்த்ததும் ஸ்டிக்கி போர்ட் மூடிக்கொள்ளும். மின்தடை நேரத்தில் செருகினால்? கேமராவுக்கு மின்சாரமே அந்தக் கேபிள் வழியாக ஸ்விட்சிலிருந்துதான் போகிறது, அதனால் படமும் பதிவாகாது. லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது. மின்சாரம் திரும்புகிறது. கேமரா முகவரியைச் சேமிக்காத ஸ்விட்ச் எழுந்து, அந்தப் போர்ட்டில் முதலில் கேட்கும் குரலை உரிமையாளர் என்று எழுதிக்கொள்கிறது. பிறகு நாம் கேமராவைத் திரும்பச் செருகினால் போர்ட் கேமராவைத்தான் அந்நியர் என்று மூடும். முகவரியைச் சேமித்திருந்தால் இந்தக் கதையே கிடையாது: ஸ்விட்ச் எழும்போதே கேமராவின் எண்ணைப் படித்துக்கொண்டு எழும், லேப்டாப்பின் முதல் தகவல் துண்டிலேயே போர்ட் மூடிவிடும். ஒரே ஒரு கட்டளையில் இருக்கிறது வித்தியாசம்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. அது திருட்டு இல்லை, ஆனால் வேலையைக் கெடுப்பதில் இதைவிட மோசம். முகவரிகள் எல்லாம் ஒழுங்காகச் சேமிக்கப்பட்ட ஸ்விட்ச் என்று வைத்துக்கொள்வோம். மார்கழியில் ஒரு டிசைன் கணினியின் மதர்போர்டு போய்விடுகிறது. புதிது மாட்டுகிறார்கள். புது போர்டு, புது மேக் முகவரி. செருகியதும் போர்ட் மூடிக்கொள்கிறது. இன்ஜினியரைக் கூப்பிடுகிறார்கள். அவர் பழைய முகவரியை அழித்து, போர்ட்டை மூடித் திறக்கிறார். புது முகவரி ஒட்டிக்கொள்கிறது, கணினியில் நெட்வொர்க் வந்துவிட்டது. அவசர வேலை நடந்துகொண்டிருக்கிறது, அவரும் கிளம்பிவிடுகிறார். சேமிக்கவில்லை. ஸ்விட்ச் யூபிஎஸ்ஸில் இருப்பதால் ஏழு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. ஆடி மாதம், ஆல்பம் வேலை உச்சத்தில் இருக்கும்போது, யூபிஎஸ் பேட்டரி தாங்காத நீளத்துக்கு ஒரு மின்தடை. மின்சாரம் வந்ததும் ஸ்விட்ச் பழைய ஸ்டார்ட்டப் கான்ஃபிக்கைப் படிக்கிறது. அதில் இருப்பது எரிந்துபோன மதர்போர்டின் முகவரி. புது மதர்போர்டு பேசியவுடன் போர்ட் மூடுகிறது.

அந்த நேரத்தில் யாருக்கு மார்கழி நினைவுக்கு வரும்? மின்சாரம் போய் வந்ததும் நெட்வொர்க் போனது என்றால், மின்னழுத்தம் ஏறி எதையோ எரித்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கேபிளை மாற்றுவார்கள், நெட்வொர்க் கார்டை மாற்றுவார்கள். கார்டை மாற்றினால் இன்னொரு புது முகவரி, சிக்கல் இன்னும் கூடும். வேறு போர்ட்டில் செருகிப் பார்ப்பார்கள், அந்தப் போர்ட்டும் அந்நியர் என்று மூடிக்கொள்ளும். காரணம் நடந்தது ஏழு மாதத்துக்கு முன், விளைவு இன்றைக்கு. ஷோ போர்ட்-செக்யூரிட்டி என்ற கட்டளை அடித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் விஷயம், தெரியாமல் போனால் ஒரு நாள் வேலையைத் தின்றுவிடும்.

மூடப்பட்ட போர்ட் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. மீறலுக்காக மூடப்பட்ட போர்ட்டை எர்-டிஸேபிள்டு என்று ஸ்விட்ச் குறித்துவைக்கும். இது ஒரு நிலை, கட்டளை இல்லை. அதனால் எந்தக் கான்ஃபிக்கிலும் எழுதப்படுவதில்லை. மின்சாரம் போய் வந்தால் போர்ட் திறந்தே எழும். நாமாக ஷட்டவுன் கொடுத்து மூடிச் சேமித்த போர்ட் மட்டும்தான் மூடியே எழும். ஆகவே, பயன்படாத போர்ட்களை ஷட்டவுன் கொடுத்து மூடிச் சேமித்துவிட வேண்டும். மீறல் நடந்தால் ஸ்விட்ச் பார்த்துக்கொள்ளும் என்று விடக் கூடாது. தானாகத் திறக்கும் வசதியும் இருக்கிறது. சிஸ்கோவில் அதை நாம்தான் இயக்க வேண்டும். இயக்கினால், வேறு நேரம் சொல்லாதவரை 300 விநாடிகளில் போர்ட் மீண்டும் திறக்கும். அந்நியக் கருவி அங்கேயே இருந்தால் மறுபடி மூடும்.

போர்ட் திறந்து எழுவதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது சாட்சியம் அழிவது. எத்தனை மீறல் நடந்தது என்ற எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். எந்த முகவரி வந்து முட்டியது என்ற லாக் பெரும்பாலும் அழியும் நினைவகத்தில்தான் இருக்கிறது, அதுவும் போய்விடும். போதாததற்கு, இந்த வகை ஸ்விட்சுகள் பலவற்றில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. ரீஸ்டார்ட் ஆனதும் சிஸ்கோ கேட்டலிஸ்ட் தன் நாளை மார்ச் 1, 1993 என்று வைத்துக்கொண்டு எழும். நெட்வொர்க்கில் நேரம் சொல்லும் சர்வர் ஒன்றை அதற்குக் காட்டித்தராவிட்டால், இன்று நடந்த ஊடுருவலுக்கு 1993-ஆம் ஆண்டுத் தேதிதான் லாகில் விழும். அதை வைத்து எந்தப் புகாரையும் நிரூபிக்க முடியாது. 2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணக்கிலிருந்து 8 கோடியே 10 லட்சம் டாலர் திருடு போனபோது, வங்கியின் பணப் பரிமாற்றக் கணினிகள் பத்து டாலர் மதிப்புள்ள பழைய ஸ்விட்சுகளில் இணைக்கப்பட்டிருந்தன என்று அந்நாட்டுக் காவல்துறையின் தடயவியல் அதிகாரி சொன்னார். அந்த மலிவான ஸ்விட்சுகளால், திருடர்கள் உள்ளே என்ன செய்தார்கள் என்பதைக் கண்டுபிடிப்பதே கடினமாகிவிட்டது.

இந்தியாவில் இது சட்டம் சார்ந்த விஷயமும்கூட. கணினிப் பாதுகாப்புக்கான மைய அரசு அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் ஆணை பிறப்பித்தது. நிறுவனங்கள் தங்கள் கருவிகளின் கடிகாரத்தை தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒத்துவைக்க வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்குக் கொடுத்த கூடுதல் அவகாசமும் 2022 செப்டம்பர் 25-ல் முடிந்துவிட்டது. மின்தடைக்கு ஒரு முறை லாகை இழக்கும் ஸ்விட்சால் 180 நாள் கணக்கை எப்படிக் காட்ட முடியும்? லாகை உடனுக்குடன் வேறொரு கணினிக்கு அனுப்பச் சொல்லும் வசதி, கட்டளை கொடுத்து அமைக்கக்கூடிய மேனேஜ்டு ஸ்விட்சுகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் உண்டு. அதை இயக்குவதற்குச் செலவு இல்லை.

இதுவரை சொன்னது சிஸ்கோவின் வழக்கம். மற்ற நிறுவனங்களுக்கு வேறு வழக்கங்கள் உண்டு. ஜூனிப்பரின் ஸ்விட்சுகளில் இதே வசதி, கற்ற முகவரியை ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் தானாகவே வைத்துக்கொள்ளும்படி அமைந்திருக்கிறது. நம் ஊர்களில் நிறையப் புழங்கும் டி-லிங்க் ஸ்விட்சுகள் பலவற்றில் மூன்று தெரிவுகளை நம் முன் வைத்துக் கேட்பார்கள்: நிரந்தரமாக வைத்துக்கொள்வதா, குறிப்பிட்ட நேரம் கழித்து விடுவதா, ரீஸ்டார்ட் ஆகும்வரை மட்டும் வைத்திருப்பதா. இப்படி நேரடியாகக் கேட்டுவிடுவது நல்ல முறை என்பது என் கருத்து. கடையில் கிடைக்கும் சாதாரண எட்டு போர்ட் ஸ்விட்சில் இந்த வசதிகள் எதுவுமே இல்லை, அதில் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதற்கு ஒன்றும் கிடையாது.

ரீஸ்டார்ட் என்றால் மின்தடை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. 2013 அக்டோபரில் சிஸ்கோ ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. கேட்டலிஸ்ட் 3650, 3850 வகைகளின் 48 போர்ட் மாடல்களில், முதல் போர்ட்டுக்கு நேர் மேலே மோட் பட்டன் இருக்கிறது. சில கேபிள்களின் முனையில் கிளிப் ஒடியாமல் இருக்க ஒரு ரப்பர் உறை துருத்திக்கொண்டிருக்கும். அந்தக் கேபிளை முதல் போர்ட்டில் செருகினால் உறை போய் மோட் பட்டனை அமுக்கும். சில விநாடிகள் அமுக்கியபடி இருந்தால் ஸ்விட்ச் தன் அமைப்புகளைத் துடைத்துவிட்டு ரீஸ்டார்ட் ஆகிவிடும். ஒரு ரப்பர் உறை போதும், போட்டுவைத்த பாதுகாப்பு முழுக்கப் போவதற்கு. அந்தப் பட்டனைச் செயலிழக்கச் செய்யும் கட்டளையை சிஸ்கோ சொன்னது. வேண்டுமென்றே அமுக்குபவருக்கும் இதே வழி இருக்கிறது. எழும் நேரத்தில் மோட் பட்டனைப் பிடித்துக்கொண்டிருந்தால், பழைய கேட்டலிஸ்டுகள் பலவற்றில் ஸ்டார்ட்டப் கான்ஃபிக்கைப் படிக்கவிடாமல் எழுப்பிவிடலாம். பாஸ்வேர்டு மறந்தவர்களுக்காக வைத்த வசதி அது. எனவே ஸ்விட்ச் பூட்டிய ரேக்கில் இருக்க வேண்டும். வரவேற்பறை மேசைக்கு அடியில் ஸ்விட்சை வைத்துவிட்டு போர்ட் செக்யூரிட்டி போடுவதில் பயனில்லை.

யூபிஎஸ் பற்றியும் ஒரு வார்த்தை. பல அலுவலகங்களில் கணினிகளுக்கு யூபிஎஸ் இருக்கும், ஸ்விட்ச் மட்டும் சுவரில் நேரடி பிளக்கில் இருக்கும். ஜெனரேட்டர் எடுக்கும்வரை சில விநாடி இடைவெளி, மின்சாரம் திரும்பியதும் மாற்றும்போது இன்னொரு இடைவெளி. ஒரு மின்தடைக்கு இரண்டு ரீஸ்டார்ட். ஸ்விட்ச் இழுக்கும் மின்சாரம் ஒரு டிசைன் கணினியைவிடக் குறைவுதான். அதை யூபிஎஸ்ஸில் போட்டாலே முக்கால்வாசி ரீஸ்டார்ட்டுகள் நின்றுவிடும்.

போர்ட் செக்யூரிட்டியின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். மேக் முகவரியைப் பொய்யாக மாற்றிக்கொள்வது எந்தக் கணினியிலும் எளிது. பிரிண்டர், கேமரா ஆகியவற்றின் முகவரி அவற்றின் பின்பக்கத்து ஸ்டிக்கரிலேயே அச்சாகியிருக்கிறது. அதைப் படித்துத் தன் லேப்டாப்புக்குப் போட்டுக்கொள்பவரை இந்தப் பாதுகாப்பு நிறுத்தாது. வைஃபை கருவி செருகிய போர்ட்டுக்கும் இது பொருந்தாது: 2019-ன் ஆண்ட்ராய்டு 10, 2020-ன் ஐஓஎஸ் 14 முதல் ஃபோன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு தற்காலிக முகவரியைக் காட்டுகின்றன, வரம்பு சீக்கிரமே மீறப்பட்டுவிடும். பாஸ்வேர்டோ சான்றிதழோ கேட்டு உள்ளே விடும் 802.1எக்ஸ் என்ற முறை 2001 முதல் இருக்கிறது. அதற்குத் தனி சர்வரும் பராமரிக்க ஆளும் வேண்டும் என்பதால் சிறு நிறுவனங்கள் எட்டிப்பார்ப்பதில்லை. அவர்களுக்கு, ஏற்கெனவே வாங்கிவைத்த ஸ்விட்சிலேயே இருக்கும் போர்ட் செக்யூரிட்டி பெரிய உதவி, அது ரீஸ்டார்ட்டைத் தாண்டி நிற்கும்படி அமைக்கப்பட்டிருந்தால்.

நிற்கிறதா என்று பார்க்க வழி எளிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நேரத்தில், எல்லாக் கருவிகளையும் போட்டுவிட்டு எந்தப் போர்ட்டில் எந்த முகவரி இருக்கிறது என்று பட்டியல் எடுத்துக்கொள்ளுங்கள். சேமியுங்கள். பிறகு எல்லாக் கருவிகளின் கேபிள்களையும் கழற்றிவிட்டு, ஸ்விட்சின் பிளக்கைப் பிடுங்கிச் செருகுங்கள். எழுந்ததும், கேமரா, சிடிபி உட்பட ஒன்றையும் செருகாமல் பட்டியலை மறுபடி எடுங்கள். யாரும் பேசாத நிலையிலும் எல்லா முகவரிகளும் அங்கே இருக்க வேண்டும். காலியாக இருக்கும் போர்ட்டில் மறுமுறை யார் வேண்டுமானாலும் உரிமையாளர் ஆகலாம் என்று பொருள். மதர்போர்டு, கேமரா, பிரிண்டர் எது மாறினாலும் அன்றே இந்தப் பட்டியலைத் திருத்துங்கள்.

ஸ்விட்சைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் அடுத்த முறை வரும்போது, வேலை முடிந்தது என்று அவர் சொன்னதும் ஒரு கேள்வி கேளுங்கள்: ரன்னிங் கான்ஃபிக்கும் ஸ்டார்ட்டப் கான்ஃபிக்கும் இப்போது ஒன்றாக இருக்கின்றனவா? இல்லை என்றால், எல்லாக் கருவிகளும் போடப்பட்டிருக்கும் அந்த நேரத்திலேயே அவரைச் சேமிக்கச் சொல்லுங்கள். சேமித்ததன் நகல் ஒன்றை ஸ்விட்சுக்கு வெளியே இன்னொரு கணினியிலும் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.